பேய் தலைகுனிந்த பக்கம்

மொசைக் தரையில் அந்த ஒரு கல் மட்டும் ஆமையைப் போலிருந்தது. காலையில் அது ஆமையாக இல்லை, யாரோ துப்பிவிட்டுப் போன வெற்றிலைச் சாறாக இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, குப்புறப் படுத்ததில் ரசம் நெஞ்சுவரை ஏறி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஆமையாகி ஒரு காலையும் வெளியே நீட்டியிருக்கிறது. திருமேனி வலது கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கண் என்பது பேருக்குத்தான். சின்ன வயதில் மணல்வாரி அம்மை போட்டதிலிருந்து அதன் கருவிழியில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் உலகம் பால் கலந்த தண்ணீருக்குள் கிடக்கும். இத்தனை வருஷமும் அவனுக்காகப் படித்ததும் எழுதியதும் இடது கண். அந்த இடது கண்ணில்தான் போன வாரம் விழித்திரை கிழிந்தது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டு, மேலே கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். குமிழி மேலே மிதக்கும், மிதந்து கிழிந்த இடத்தை அழுத்திப் பிடிக்கும், பிடித்தால் ஒட்டும். அதற்கு முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும்கூட என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒட்டிவிடுமா என்று கேட்டதற்கு, நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் குனிந்திருக்கிறீர்களோ அதைப் பொறுத்தது, திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதனால் திண்டுக்கல்லில் அக்கா வீட்டின் முன்னறைக் கட்டிலில், தலையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, இடைவெளி விட்டுப் போட்ட இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே முகத்தை வைத்துப் படுத்திருக்கிறான். நெற்றிக்கு அக்கா பழைய வேட்டியை முறுக்கி ஒரு சும்மாடு சுற்றித் தந்திருந்தாள். தண்ணீர்க் குடத்துக்குக் கீழே தலைமேல் வைக்கும் அதே சும்மாடு, இப்போது தலைக்குக் கீழே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் அக்காவின் கணவர் வெள்ளைச்சாமி படித்துக்கொண்டிருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வத்தலக்குண்டு, பெரியகுளம் என்று நிறுத்தங்களைக் கூவிய அதே குரலில், ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் பேதம் பாராட்டாமல், திருமேனியின் நாவலைப் படித்தார். அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பிழை பார்க்க வேண்டிய பக்கங்கள். பதிப்பகத்திலிருந்து ஆதிரை போனுக்கு அனுப்பியிருந்ததை மாமாதான் கடைக்குப் போய் அச்செடுத்து வந்தார். இன்று சாயங்காலத்துக்குள் திருத்தங்களைச் சொல்லிவிட வேண்டும், நாளைக்குப் புத்தகம் மெஷினில் ஏறுகிறது. கண் இருந்திருந்தால் ஒரே மத்தியானத்தில் முடித்திருப்பான். இப்போது காதால் பிழை பார்க்கிறான். "அந்த நகரத்தில் யாரும் நிமிர்வதில்லை, பிறந்த குழந்தையின் கழுத்தில் கருப்புக் கயிறு கட்டி அதன் மறுமுனையை இடுப்பில் முடிவார்கள், நிமிர நினைத்தால் கயிறு இழுக்கும், கமா, அப்படியே பழகிவிடும்" என்று மாமா படித்தார். கமா வந்த இடத்தில் எல்லாம் கமா என்று சொல்ல வேண்டாம் என்று அவன் இருமுறை சொல்லியாயிற்று. உன் கதை ஊர்க்காரனிடம் டிக்கெட் கேட்டால் சட்டைப்பையைத் தவிர எதையும் பார்க்க மாட்டான் போலிருக்கிறதே மாப்ள, இப்படி ஒரு லோடு கிடைத்திருந்தால் நான் நிம்மதியாக வேலை பார்த்திருப்பேன் என்றார். பிறகு, பக்கத்தைத் திருப்பி, கழுத்து வெட்டுகிற ஒரு காட்சியைச் சட்னி அரைக்கும் செய்முறைபோல நிதானமாகப் படித்து முடித்தார்.

நாவலுக்குப் பெயர் 'மேலே இருப்பது'. வானத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதை நிமிர்ந்து பார்த்தவர்களின் கண்களை அது எடுத்துக்கொள்ளும் என்பதால் ஒரு நகரம் முழுக்கத் தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே நடக்கிறது. கடைசி அத்தியாயத்தில் தூவி என்ற பெண் கயிற்றை அறுத்துக்கொண்டு நிமிர்கிறாள். அது அவள் இரண்டு கண்களையும் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டு நகரத்தை விட்டுப் போகிறது. விடுதலையான நகரத்தை அவள் பார்க்கவே இல்லை. இதை எழுதியது மாசி மாதம். பங்குனியில் ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது இடது கண்ணின் மேல் ஓரத்தில் ஒரு கருப்புத் திரை இறங்கியது. கண்ணாடியில் பற்பசை நுரையோடு ஒரு முகம், அதன் நெற்றி இல்லை. நாவலில் தூவிக்கு நடப்பதை அவன் அப்படியேதான் எழுதியிருந்தான்: 'மேலிருந்து இறங்கிய திரைபோல.' எழுதியது முந்தியா, கிழிந்தது முந்தியா. எழுதும்போதே உள்ளே ஓரத்தில் கிழியத் தொடங்கி, அதைக் கை முன்கூட்டியே எழுதிவிட்டதா, அப்படியானால் அது பயமில்லை, உடம்புதான். இல்லை, எழுதியதால் கிழிந்ததா, அப்படியானால். அந்த அப்படியானாலுக்குப் பிறகு அவன் மனசு போக மறுத்தது. ஆமைக்கல்லுக்குத் திரும்பியது. ஆமையின் கால் இன்னும் வெளியேதான் இருந்தது. கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தவன், பேய்க்கதை எழுதினாலும் பேயை நம்பாதவன், ஜாதகக் கட்டத்தைக் கூடக் கோணல் என்று கிண்டல் செய்தவன், ஒரு பக்கத்தை மாற்றினால் கண் பிழைக்கும் என்று நினைக்கிறானா. நினைக்கிறான். குப்புறப் படுத்த மனுஷனுக்கு எல்லாம் தோன்றும். தோன்றியதற்காக மாற்றினால் அது எழுத்தா, வேண்டுதலா. மாற்றாமல் விட்டு, திங்கட்கிழமை டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினால், அந்தப் புத்தகத்தை வாழ்நாளில் தொட முடியுமா. தொடலாம், படிக்கத்தான் முடியாது.

ஆதிரையிடம் இதைச் சொல்ல முடியாது. முப்பது வயதுகூட ஆகாத பெண், கறாரான வாசகி, அவனுடைய பஸ் ஸ்டாண்டு நாவல்களை எல்லாம் தேடிப் படித்துவிட்டு, இவ்வளவு இருட்டை வைத்துக்கொண்டு ஏன் சார் கடைசிப் பக்கத்தில் டார்ச் அடிக்கிறீர்கள் என்று கேட்டவள். கேட்டதில் தப்பில்லை. மாத நாவல்களில் அதுதான் சட்டம். பேய் வரலாம், கொலுசு சத்தம் கேட்கலாம், கிணற்றில் தலைமுடி மிதக்கலாம். ஆனால் கடைசி இரண்டு பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கி, கொலுசு சத்தம் டேப்ரெக்கார்டர், வெள்ளைப் புடவை எஸ்டேட் மானேஜர் என்று சொல்லிக் கைவிலங்கு மாட்ட வேண்டும். இத்தனை வருஷம் அவன் பெற்ற பிள்ளைகள்போல வளர்த்த பேய்களை அவனே ஜீப்பில் ஏற்றி அனுப்பினான். இந்த முறை அனுப்ப மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தான். இருண்ட புனைவு என்று அதற்கு இப்போது ஒரு பெயரும் மரியாதையும் வந்திருக்கிறது, உலகம் முழுக்க எழுதுகிறார்கள், கருணை காட்டாமல் முடிக்கிறார்கள். சார், கடைசியில் இரக்கப்பட்டுவிடாதீர்கள், இரக்கப்பட்டால் உங்களை மறுபடியும் மாத நாவல்காரர் என்றுதான் சொல்வார்கள் என்றாள் ஆதிரை. அவன் இரக்கப்படவில்லை. தூவியின் கண்களை எடுத்தான். எடுத்த அன்று ராஜாபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைவீதிக்குப் போய்த் தனக்குத்தானே ஒரு கரும்புச் சாறு வாங்கிக் குடித்தான்.

பின்னட்டைக்காக, உங்களைப் பாதித்தவை எவை என்று ஆதிரை கேட்டிருந்தாள். அவளுக்குப் பிடிக்கும் என்று தெரிந்த வெளிநாட்டுப் பெயர்கள் சிலவற்றைச் சொன்னான். படித்தவைதான், பொய்யில்லை. ஆனால் இப்போது முகத்தின் ரத்தமெல்லாம் மூக்கு நுனியில் சேர்ந்து கனக்கும்போது வேறு பட்டியல் வருகிறது. பொருட்காட்சியில் பேய் வீடு. உள்ளே எலும்புக்கூடு மேலே விழுந்தது, வெளியே வந்தால் அதே எலும்புக்கூடு முகமூடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்தபோதுதான் உண்மையில் பயம் வந்தது. கும்பாபிஷேகத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்த கோபுரத்துப் பூதம், உருண்டை முழியோடு, வாயில் புறாக்கூடு. ஆரணிப் பக்கம் வேலையில் இருந்த வருஷங்களில் பார்த்த கூத்து. அரக்கன் வரும்போது இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும், திரைக்குக் கீழே சலங்கைக் கால்கள், குரல் மட்டும் வரும், திரையை எடுக்கவே மாட்டார்கள், எடுக்கவே மாட்டார்கள். எடுத்த பிறகு அது வெறும் ஆள். திரைதான் அரக்கன். இதையெல்லாம் கொடுத்தவர்கள் யாருக்கும் கொடுத்தது தெரியாது. பன் தின்ற எலும்புக்கூட்டுக்கு ஒரு நாவல் பிரதி அனுப்ப முடியுமா. திரை பிடித்த இரண்டு பேரின் விரல்கள் மட்டும் ஞாபகம் இருக்கிறது, நகத்தில் அரிதாரம். நன்றி என்று ஒன்று வரும்போது அதை வைக்க இடமில்லாமல் போகிறது. அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளுக்கு வைத்தான். முதல் பக்கத்தில்: 'ஒரு பேயைத் தலைகுனிய வைத்து வரைந்த, பெயர் தெரியாத அந்த ஓவியருக்கு.'

இதைக் காலையில் படித்தபோது மாமா நிறுத்தி, யார் மாப்ள அது, சொந்தக்காரங்க இத்தனை பேர் உசுரோட இருக்கும்போது பேர் தெரியாதவனுக்குப் புத்தகமா என்று கேட்டார். திருமேனி தரையைப் பார்த்துச் சொன்னான். மணல்வாரி போட்டபோது வெளிச்சம் பட்டால் கண் எரிகிறது என்று அவன் கண்களைச் சுற்றி ஈரத் துணி கட்டியிருந்தார்கள். வாசலில் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு வாசனை இல்லை, யாரும் அதை வியாதி என்று சொல்லவில்லை, அம்மா வந்து விளையாடுகிறாள் என்றார்கள். ஏழு வயசுப் பையனுக்குக் கண்ணைக் கட்டியபடி அதைக் கேட்பதைவிட இருண்ட கதை வேறு வேண்டுமா, உடம்பு முழுக்க ஒருத்தி மணலாக ஓடி விளையாடுகிறாள், அவள் பெயரைச் சொல்லி வையக்கூடாது. அப்போது அக்காதான் தெருமுனைச் சலூனிலிருந்து படக்கதைப் புத்தகங்களை வாங்கி வந்து படிப்பாள். வசனம் படித்தால் போதாதே, படத்தையும் சொல்ல வேண்டும். இங்க பாரு, குகை, குகை வாசல்ல ஒரு மண்டை ஓடு, அதுக்குள்ள இருந்து பூரான் வருது, இங்க பாரு, என்பாள் கண்ணைக் கட்டிய பையனிடம். ஒரு கதையில் மலைமேலிருந்து ஒரு பேய் இறங்கி வருகிறது, இளவரசனின் கண்களைத் தின்ன. இளவரசன் ஓடவில்லை. அதை நேராகப் பார்க்கிறான். பேயை யாரும் அதுவரை நேராகப் பார்த்ததில்லை. அது வீட்டுப்பாடம் செய்யாத பையன்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அவ்வளவுதான் படம். துணிக்குள் சிவப்பாகவும் கருப்பாகவும் இருந்த இருட்டில் அந்தப் படத்தை அவன் பார்த்தான். அதற்குப் பிறகு கண்ணால் பார்த்த எதுவும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. கட்டு அவிழ்த்த பிறகு சலூனுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினான். படங்கள் எல்லாம் அவன் கேட்டதைவிடச் சின்னதாக, மை கலைந்து இருந்தன. தலைகுனிந்த பேய் இல்லை. அந்தப் பக்கத்தை யாரோ சவரக் கத்தி துடைக்கக் கிழித்திருப்பார்கள். பழைய பேப்பர் கடைகளில் தேடினான், பெரியவனாகி நடைபாதைகளில் தேடினான், படக்கதை சேர்ப்பவர்கள் குழுவில் கேட்டான், அப்படி ஒரு கதை வரவே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். வந்தது. இல்லாவிட்டால் அவன் எழுதிய பேய்கள் எல்லாம், ஜீப்பில் ஏறிப் போனவை உட்பட, ஏன் ஒரு நொடியாவது தலையைக் குனிந்தன? யாரோ ஒருவர், மாதச் சம்பளத்துக்கு, மண்ணெண்ணெய் விளக்கிலோ குண்டு பல்பிலோ உட்கார்ந்து, பேய்க்கும் வெட்கம் வரும் என்று நினைத்து வரைந்திருக்கிறார். அவருக்கு வைத்தேன் மாமா என்றான். மாமா, சரிதான் என்றார். சமையலறையில் அக்கா எதையோ கீழே போட்டாள்.

இப்போது மாமா கடைசிக்கு முந்தின அத்தியாயத்தை முடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பக்கத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்தது தூவி. இதோ, அதே நிறுத்தங்களைக் கூவும் குரலில், ஒரு பெண்ணின் கண்கள் எடுக்கப்படும், அவன் கேட்டுக்கொண்டு கிடப்பான், கண்ணுக்குள் குமிழி நடுங்கும். நிறுத்தச் சொல்லலாமா. பார்த்தாயிற்று, பிழையில்லை, அப்படியே அச்சுக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிடலாமா. கேட்காவிட்டால் நடக்காது என்பதுபோல. அப்போது கஞ்சி போட்ட புடவையின் சரசரப்பும் அக்காவின் கால்விரல்களும் வந்தன. தரையின் ஓரத்தில், மெட்டியோடு, பால்வெள்ளைக்குள் இரண்டு கால்கள். ரஞ்சிதம் அக்காவுக்கு முழங்கால் வலி. காலைச் சற்று அகட்டித்தான் நிற்பாள்.

"பால் தீந்துபோச்சு. போய் வாங்கிட்டு வாங்க."

"காலையிலதான ரெண்டு பாக்கெட் வாங்கினேன்."

"திரிஞ்சுபோச்சுங்கிறேன். அந்தத் தாளை இங்க குடுங்க, மிச்சத்தை நான் படிக்கிறேன். நீங்க படிக்கிறது அவனுக்கு பஸ்ஸுல போற மாதிரி இருக்கும், வாந்தி வந்துரும்."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, நல்ல கட்டத்துல இறக்கிவிடுறா பாரு மாப்ள என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா இதைப் படிக்கலாமா என்பது வேறு கவலை. அவளுக்குச் சில வார்த்தைகள் ஆகாது. விளக்கை அணை என்று சொல்ல மாட்டாள், அமர்த்து என்பாள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்க மாட்டாள். பாம்பு அவள் வாயில் எப்போதும் பூச்சிதான். போன வாரத்திலிருந்து அவன் கண்ணைப் பற்றி ஒரு கெட்ட சொல் அவள் சொல்லவில்லை, கிழிந்தது என்பதைக்கூட, சரியில்லாமல் போச்சு என்றுதான் போனில் எல்லாரிடமும் சொன்னாள். அப்படிப்பட்டவள் இதை எப்படி வாயால் படிப்பாள். தெரிந்தா கேட்கிறாள்? தெரியும். அக்கா எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். அவனுடைய மாத நாவல்களைக் கூட, முதலில் இன்ஸ்பெக்டர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் முன்பக்கம் போவாள். நேற்று மாமா தூங்கும்போது இந்தத் தாள்கள் அலமாரியில்தான் இருந்தன.

அவள் படித்தாள். மாமாவைவிட மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு. தூவி மண்டபத்தின் மேல்படிக்கு வருகிறாள், கயிற்றை அறுக்கிறாள், கழுத்து நிமிர மறுக்கிறது, எலும்பை ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறாள். அவன் எழுதியதுதான். சொல்லுக்குச் சொல். 'அவள் நிமிர்ந்தாள். மேலே இருப்பது அவளைப் பார்த்தது.' இங்கே அவனுடைய அடுத்த வாக்கியம், மேலிருந்து இறங்கிய திரைபோல என்று தொடங்கும். அவன் சும்மாட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மூச்சுச் சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது, அக்கா முன்னால் சாய்ந்தாள், சாய்ந்து, வேறு ஒரு குரலில், சற்று வேகமாக, நடுவில் நிற்காமல் சொன்னாள்: "அவள் அதைப் பார்த்தாள். அதை யாரும் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. அதனால அதுக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. அது தன்னோட பெரிய தலையைக் குனிஞ்சுக்கிட்டது." பிறகு தாளைத் திருப்பினாள். முடிந்துபோயிற்று என்றாள்.

தெருவில் யாரோ உப்பு உப்பு என்று சைக்கிளில் கத்திக்கொண்டு போனார்கள். ஆமைக்கல் ஆமையாகவே இருந்தது. அவன் எழுதவில்லை இதை. அல்லது எழுதி மறந்தானா. இல்லை, அவன் நாவலில் எந்த வாக்கியமும் தெரியலை, குனிஞ்சுக்கிட்டது என்று முடியாது. படிக்கும்போது அக்கா மூச்சு எடுத்துக்கொள்கிறாள், சொல்லும்போது எடுத்துக்கொள்வதில்லை. இதை அவன் முன்பே கேட்டிருக்கிறான். எங்கே. ஈரத் துணிக்கு அடியில். வசனம் படிக்கும்போது மூச்சு, படத்தைச் சொல்லும்போது ஓட்டம். அந்த வேகம், அந்த முன்னால் சாய்தல், பாயின் சரசரப்பாக அப்போது கேட்டது.

"அந்தக் கடைசியை இன்னொரு தடவை படிக்கா" என்றான்.

அவள் படித்தாள். இந்தத் தடவை அது தலையைக் குனிந்துகொண்டு, கால் கட்டைவிரலால் மேகத்தைக் கீறிக்கொண்டு நின்றது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் அதற்கு மூக்கும் ஒழுகியிருக்கும். அவனுக்குச் சிரிப்பு வந்தது, குப்புறப் படுத்துச் சிரித்தால் குமிழி குதிக்கும், குதிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். சிரிப்பு போன இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைக் கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது; இத்தனை வருஷம் தேடிய ஒரு பக்கம், அது கிடைத்துவிட்டால் இனி தேட முடியாது.

"அக்கா. சலூன் புத்தகத்துல பேய் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குமே. அது எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

அக்கா தாள்களை மடியில் தட்டி ஒழுங்காக்கினாள். ரொம்ப நேரம் தட்டினாள்.

"நான் என்னடா செய்ய? அந்தப் பாவி அதை அந்தப் பையனோட ரெண்டு கண்ணையும் விரலை விட்டு எடுக்கிற மாதிரி போட்டிருந்தான். ஒரு முழுப் பக்கத்துக்கு. உனக்குக் கண்ணுல துணி கட்டியிருக்கு. அதை எப்படி உங்கிட்ட வாயால சொல்லுவேன்? அடுத்து என்ன, அடுத்து என்னன்னு நீ வேற. எனக்கு வந்ததைச் சொன்னேன். நீ அதைப் பிடிச்சுக்கிட்டுக் கிழவனாகிற வரைக்கும் தேடுவேன்னு கண்டேனா?"

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்குமா. பாவாடை சட்டை. வேப்பிலை ஆடும் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மடியில் ரத்தம் சொட்டும் ஒரு முழுப் பக்கம், எதிரே கண்ணைக் கட்டிய தம்பி, அடுத்து என்ன என்கிறான். மூச்சு எடுத்துக்கொள்ள நேரமில்லை. அந்த இடத்தில் ஒரு பேயைத் தலைகுனிய வைத்தாள். மண்ணெண்ணெய் விளக்கும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை, அந்த ஓவியர் சமையலறையில் பால் திரிந்துவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு இத்தனை நாளும் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார். வாசகர்களுக்கு அவன் கொடுத்த எல்லாப் பேய்களும் அந்த ஒரு மத்தியானத்துப் பொய்யின் பிள்ளைகள். பொய் என்று சொல்லலாமா. பூச்சி, அமர்த்து, விளையாடுகிறாள்: சொல்லக்கூடாததைச் சொல்லாமல் சொல்லும் வீட்டில் வளர்ந்ததால்தான் அவன் இருட்டைப் பற்றி எழுதக் கற்றுக்கொண்டான், வெளிநாட்டுப் பெயர்களிடம் பிறகு போனான். நன்றியை வைக்க இடமில்லை என்று நினைத்தது எவ்வளவு அசட்டுத்தனம். இடம் நாற்காலியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஆதிரை. இரக்கப்பட்டுவிட்டீர்களே சார் என்பாள். அவன் மனசு அங்கே ஒருமுறை சிக்கி, சிக்கிய இடத்திலேயே சுற்றியது. இரக்கமா இது? தலைமுறை தலைமுறையாக ஒரு நகரம் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு குனிந்து செத்திருக்கிறது. கண் எடுக்கப்பட்டவர்கள் கதைகளில்தான் வருகிறார்கள், அப்படி ஒருவரை அங்கே யாரும் நேரில் பார்த்ததில்லை. ஒரே ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள், அது வெட்கப்படுகிறது. அப்படியானால் இத்தனை பேர் யாருக்குக் குனிந்தார்கள்? பார்த்திருந்தால் போதும் என்பது, பார்க்காமல் போனவர்களுக்கு எப்படி இருக்கும்? கண்களை எடுத்துக்கொள்கிற வானத்தைவிடத் தலைகுனிகிற வானம்தான் இருட்டு. எடுத்துக்கொண்டால் கணக்கு தீர்ந்துவிடும், எல்லாரும் கரும்புச் சாறு குடிக்கப் போகலாம். இது தீராது. அவன் அதை வேண்டிக்கொண்டு மாற்றவில்லை. கண் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் கதை இப்படித்தான் முடியும். முதலிலிருந்தே இப்படித்தான் முடிந்திருந்தது, அவன்தான் கிழிந்த பக்கத்தை வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை திங்கட்கிழமையாகவே இருக்கட்டும். அந்தப் பயம் போய்விடவில்லை, ஆனால் கதையை விட்டு இறங்கிக் கண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது, அதன் இடம் அதுதான்.

மாமா பாலோடு வந்தார். சமையலறையில் பழைய பால் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று அங்கிருந்தே சொன்னார். திருமேனி அவரைப் பேனாவோடு கூப்பிட்டு, இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்து, கடைசிப் பாராவை அடிக்கச் சொல்லி, அக்கா சொன்னதை முதல் தடவை சொன்னபடியே, கட்டைவிரல் இல்லாமல், எழுத்து நடையில் மாற்றிச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தான். நான் இருக்கிறதைத்தான் படித்தேன் என்று அக்கா இடையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மாமா எழுதியதைத் திரும்பப் படித்தார். இந்தத் தடவை கமா எதுவும் சொல்லவில்லை.

"மாமா, முதல் பக்கத்துல சமர்ப்பணம் இருக்குல்ல. அதுல 'பெயர் தெரியாத' அப்படிங்கிறதை மட்டும் அடிச்சிருங்க."

"அடிச்சா, அந்த இடத்துல பேரு போடணும்ல மாப்ள?"

"பேய்ப் புத்தகத்துல யாரு பேரும் வேண்டாம்" என்றாள் அக்கா. "அடிச்சதோட விடுங்க."

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்திருக்க வேண்டும்; தலை திரும்பும்போது அவர் நாற்காலி சத்தம் போடும். பிறகு பேனா தாளில் ஒரு கோடு இழுக்கும் சத்தம் வந்தது. அக்கா எழுந்து போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள். குனிந்தே குடிக்க வேண்டும் என்பதால் ஸ்ட்ரா போட்டிருந்தாள். டம்ளரை அவன் முகத்துக்குக் கீழே யாராவது பிடிக்க வேண்டும். இத்தனை நாளும் மாமாதான் பிடித்தார். இன்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே, மெல்லத் தரையில் உட்கார்ந்தாள், ஆமைக்கல்லின் மேல். டம்ளரைத் தூக்கிப் பிடித்து, ஸ்ட்ராவை அவன் உதட்டுக்குச் சரியாகக் கொண்டுவருவதற்காக நிமிர்ந்து பார்த்தாள். பால் கலந்த தண்ணீருக்குள்ளிருந்து அவள் முகம் மேலே வந்தது. நேராக அவன் கண்களை, கட்டுப் போட்ட கண்ணையும் தழும்புக் கண்ணையும், இரண்டையும் ஒன்றுபோலப் பார்த்தாள். சூடு, பார்த்துக் குடி என்றாள். திருமேனி தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான்.